வெள்ளம் என்றால் தண்ணீர்

கொல்லங்கோட்டு அருவியிலிருந்து பொன்னானிக் கடற்கரை வரை ஓடுவது ஒரே நீர்தான். அதை ரசிக்க வருகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வியும் ஒன்றுதான்.

செப்டம்பர் கடைசி. ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஏழு. கொல்லங்கோட்டின் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. பெஞ்சில் ஐந்து நண்பர்கள். கோவையிலிருந்து விடியுமுன் காரில் கிளம்பி, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் வழியாக எல்லை தாண்டி வந்திருக்கிறார்கள். கல்லூரியில் ஒரே விடுதியில் இருந்தவர்கள். இப்போது ஒருவர் வங்கியில், ஒருவர் பள்ளியில், ஒருவருக்குப் பம்ப் செட் வியாபாரம். பெயர்கள் முக்கியமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இப்படி எத்தனையோ ஐவர் இங்கே வந்து இறங்குகிறார்கள்.

"வெள்ளம் வேணோ?" என்று கேட்கிறார் கடைக்காரர்.

"மாப்ள, காலங்காத்தால வெள்ளம் வேணுமான்னு கேக்கறாருடா" என்கிறார் வங்கிக்காரர். ஐவரும் சிரிக்கிறார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். தமிழில் அது கரையுடைத்து வருவது. எல்லைப்புறத்தில் இது அரதப்பழசான ஜோக். கடைக்காரர் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பார். ஆனாலும் மரியாதைக்குச் சிரித்துவைக்கிறார்.

நண்பர்களின் திட்டம் எளிமையானது. காலையில் சீதார்குண்டு அருவி. மதியம் வழியில் சாப்பாடு. மாலையில் பொன்னானிக் கடற்கரை. இரவே வீடு. அருவி, கடல் இரண்டும் ஒரே நாளில்.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அந்தக் கணவாயின் தெற்குச் சுவர்தான் நெல்லியாம்பதி மலை. அதன் காலடியில் கிடக்கிறது கொல்லங்கோடு. (கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலோரமாக இன்னொரு கொல்லங்கோடு உண்டு. வழி கேட்பவர்கள் மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்வது நல்லது.) வயல், வயலுக்கு நடுவே பனைமரங்கள், அதற்கப்பால் திடீரென்று எழும் மலை. மழைக்காலத்தில் அந்த மலைச்சுவரில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் தெரியும். கிட்டே போனால் அவைதான் அருவிகள்.

இந்த ஊர் ரொம்ப காலம் தன்பாட்டுக்கு இருந்தது. ராஜா குடும்பத்தின் அரண்மனையும் காச்சாங்குறிச்சி விஷ்ணு கோயிலும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாலக்காடு-பொள்ளாச்சி மீட்டர்கேஜ் ரயில் இங்கே நின்று போகும். அந்தப் பாதை 2008ல் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2015ல் மீண்டும் திறந்தது. சினிமாக்காரர்கள் வந்தார்கள், படமெடுத்தார்கள், போனார்கள். 2023ல் இந்தியாவின் பத்து அழகிய கிராமங்கள் என்று சமூக வலைத்தளத்தில் ஒரு பட்டியல் வெளியாயிற்று. அதில் கொல்லங்கோடும் இருந்தது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அதைப் பகிர்ந்துகொண்டார். அவ்வளவுதான். ஊர் அதே ஊர். வந்து பார்க்கிறவர்களின் எண்ணிக்கை மட்டும் மாறிவிட்டது.

ஐவரின் கார் முதலில் நின்றது அருவியில் அல்ல, வயலோரத்தில். நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. முதல் போக அறுவடைக்கு இன்னும் சில நாட்கள்தான். பின்னால் மலை, முன்னால் பொன்னிறம். பம்ப் செட்காரர் வரப்பில் இறங்கினார். வரப்பில் நின்றால் கோணம் சரியில்லை. ஒரு காலை வயலுக்குள் வைத்தார்.

"மோனே, அது படம் இல்ல, நெல்லு" என்று ஒரு குரல். தலையில் துண்டு கட்டிய வயதான பெண்மணி, கையில் அரிவாளோடு வரப்புப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர்.

"மன்னிச்சுக்கங்க அம்மா, கவனிக்கலை" என்று காலை எடுத்துக்கொண்டார் அவர்.

பெண்மணிக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் சொல்வதற்கு விஷயம் இருந்தது. ஒரு ஆள் ஒரு கால் வைத்தால் நாலு கதிர் போகும். ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை கால்? வரப்பு உடைந்தால் அன்று தண்ணீர் நிற்காது. போன பிறகு பாட்டில் கிடக்கும். கண்ணாடி பாட்டில் உடைந்து சேற்றில் புதைந்தால் நாற்று நடும்போது காலைக் கிழிக்கும். "படத்துல நல்லா இருக்கும் தம்பி. அறுக்க ஆள் கிடைக்கலை, அது படத்துல வராது" என்றார்.

கேரளம் 2008ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வயலை மண் கொட்டி நிரப்பக் கூடாது என்பது சட்டம். சட்டம் வயலைக் காப்பாற்றலாம். வயலில் இறங்கி வேலை செய்கிறவரை யார் காப்பாற்றுவது? பயணிகள் காணவரும் அழகு, யாரோ ஒருவர் நட்டத்தைச் சகித்துக்கொண்டு ஆண்டுதோறும் மறுபடி உண்டாக்குவது. அதைப் பார்க்கக் கட்டணமில்லை என்பதால் விலையே இல்லை என்று ஆகிவிடாது.

ஊரைப் பார்க்க வந்து ஊரோடு கலந்துபோனவரும் உண்டு. மலையாளக் கவிஞர் பி. குஞ்ஞிராமன் நாயர் (1905-1978) வடகோடியிலுள்ள காஞ்ஞங்ஙாட்டுப் பக்கத்தில் பிறந்தவர், ஓரிடத்தில் நிலைகொள்ளாத நாடோடி மனசுக்காரர். கொல்லங்கோட்டில் ராஜாவின் பெயரிலான உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அவருக்கு ஊரில் நினைவிடம் இருக்கிறது. அவரும் வெளியிலிருந்து வந்தவர்தான். ஆனால் அவசரமாக வரவில்லை.

வயலிலிருந்து அருவிக்குக் கொஞ்ச தூரம் கார், மீதி நடை. வனவாசத்தின்போது ராமனும் சீதையும் லட்சுமணனும் இங்கே தங்கினார்கள், சீதை நீராடிய சுனை இது என்பது ஐதீகம். அதனால்தான் இந்தப் பெயர். மேலே நெல்லியாம்பதி தேயிலை, காப்பித் தோட்டங்களின் பக்கத்திலும் சீதார்குண்டு என்ற பெயரில் ஒரு காட்சிமுனை உண்டு. அங்கிருந்து பார்த்தால் கொல்லங்கோட்டு வயல்கள் கீழே பாய் விரித்தமாதிரி தெரியும். மேலேயிருந்து பார்ப்பவர்களுக்கும் கீழேயிருந்து பார்ப்பவர்களுக்கும் நடுவில் செங்குத்தான பாறை. அதில்தான் நீர் விழுகிறது.

மழை வலுக்கும் நாட்களில் அருவிக்குப் போக வனத்துறை தடை விதிப்பது வழக்கம். அன்று தடையில்லை. மூன்று நாட்களாக வெயில். நீர் கண்ணாடி மாதிரி. குழந்தைகள்கூட ஓரத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஐவரும் நடுவிலிருந்த ஒரு தட்டைப் பாறையில் போய் உட்கார்ந்தார்கள். வங்கிக்காரருக்கு இன்னும் மேலே, நீர் நேராக விழும் இடத்துக்கு ஏறவேண்டும் என்று ஆசை.

"டேய், பாசி வழுக்கும்" என்றார் ஆசிரியர்.

"பத்தடிதான் மாப்ள."

கரையிலிருந்து ஒருவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். தோட்டத்து வேலைக்காரர் போலிருந்தார். "வெள்ளம் நோக்கு, வெள்ளம்!" என்றார். தண்ணீரைப் பார் என்கிறார். பார்த்தார்கள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. ஆனால் அதில் சருகுகள் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. பச்சை இலைகளும் சுள்ளிகளும். ஓரத்தில் லேசான செம்மண் நிறம்.

"இறங்குங்க தம்பி. மேலே பெய்யுது" என்றார் அவர், இந்தமுறை தமிழில்.

கீழே வெயில்தான் அடித்தது. ஆனாலும் இறங்கினார்கள். ஆசிரியர் கரையோரக் குழந்தைகளையும் அவர்கள் அம்மாவையும் சத்தம் போட்டு மேலே ஏறவைத்தார். பத்து நிமிடம் இருக்கும். அருவியின் சத்தம் மாறிற்று. ஐவர் உட்கார்ந்திருந்த தட்டைப் பாறையின் மேல் பழுப்பு நீர் ஏறிற்று. பிறகு பாறையே தெரியவில்லை. பெரிய வெள்ளம் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். அரை மணியில் வடிந்தும்விட்டது. ஆனால் நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு அந்த அரை மணி போதும்.

காலையில் செய்த ஜோக்கை யாரும் திரும்பச் சொல்லவில்லை. அருவியடியில் மலையாள வெள்ளத்துக்கும் தமிழ் வெள்ளத்துக்கும் இடையிலிருப்பது பத்து நிமிடம்தான்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அருவி என்பது ஒரு புனலின் வாய். மேலே மலையில் பல சதுர மைல் பரப்பில் பெய்யும் மழை சிறு ஓடைகளாகச் சேர்ந்து ஒரே இடத்தில் வந்து விழுகிறது. மேலே பெய்கிறதா என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. மலையுச்சியை மேகம் மூடியிருந்தால், அதுவே ஒரு அறிகுறி. நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் வந்தால், சத்தம் கனத்தால், யோசிக்க நேரமில்லை. ஓடையின் போக்கில் ஓடக் கூடாது. பக்கவாட்டில் கரையேற வேண்டும். செருப்பும் பையும் பாறையிலேயே இருக்கட்டும்.

இந்தப் பாடத்துக்குத் தமிழ்நாடு கொடுத்த விலை சமீபத்தியது. மே 17, 2024 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறிக்கொண்டு படியேறி ஓடும் காட்சியை நாடே பார்த்தது. பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச்செல்லப்பட்டு இறந்தார். அடுத்த மாதம் 30ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில், புஷி அணைக்குப் பக்கத்து அருவியில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தபடி பாறைமேல் நின்றார்கள். நீர் அவர்களைக் கொண்டுபோயிற்று, ஐந்து பேர் இறந்தார்கள். கரையில் மக்கள் இருந்தார்கள். யாராலும் கிட்டே நெருங்க முடியவில்லை.

நெல்லியாம்பதி மலைக்கும் அந்த நினைவு உண்டு. 2018 ஆகஸ்ட் பெருமழையில் நெம்மாறை அருகே நிலச்சரிவில் வீடுகள் புதைந்து பலர் உயிரிழந்தார்கள். மலைச்சாலை பல இடங்களில் அறுந்து, நெல்லியாம்பதி நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அருவிக்கரையில் கைதட்டிக் கூப்பிட்டவர் அந்த ஆகஸ்டைப் பார்த்தவராக இருக்கலாம். மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு நீரின் நிறம் என்பது செய்தித்தாள் மாதிரி. தினமும் படிக்கிறார்கள்.

மதியம் ஐவரும் மேற்கே கிளம்பினார்கள். அவர்களுக்குத் தெரியாமலே அருவி நீரும் அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. இந்த மலைகளின் ஓடைகள் காயத்ரிப்புழையில் சேர்கின்றன. காயத்ரி கொல்லங்கோடு, நெம்மாறை, ஆலத்தூர் வழியாக ஓடி, ஒற்றப்பாலத்துக்குப் பக்கத்தில் மாயன்னூரில் பாரதப்புழையோடு கலக்கிறது. ஆனைமலையில் பிறந்து 209 கிலோமீட்டர் ஓடும் பாரதப்புழை கேரளத்தின் இரண்டாவது நீளமான ஆறு. நிளா என்பது அதன் செல்லப்பெயர். அது கடலில் கலக்கும் இடம்தான் பொன்னானி.

பட்டாம்பி தாண்டினால் சாலையோரமாகவே நிளா வருகிறது. அந்தக் கரையிலுள்ள கூடல்லூர்க்காரர் எம்.டி. வாசுதேவன் நாயர். 2024 டிசம்பரில் காலமாகும்வரை இந்த ஆற்றைப் பற்றிப் பேசி ஓயாதவர். அவர் துக்கத்துக்குக் காரணம் மணல். கட்டடங்களுக்காக ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளினார்கள். ஆற்றுமணல் வெறும் மணலல்ல. மழைநீரைப் பிடித்துவைத்து, கோடையில் கரையோரக் கிணறுகளுக்குக் கொடுக்கும் பஞ்சு. அது போனதும் கிணறுகள் வற்றின. படுகையில் பள்ளங்கள் விழுந்தன. முழங்கால் அளவு என்று நினைத்துக் காலை வைத்தால் ஆளையே விழுங்கும் பள்ளங்கள். 2001ல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் எடுப்பதை ஒழுங்குபடுத்தவும் கேரளம் சட்டம் போட்டது. அதற்குள் நிறையப் போயிருந்தது.

குற்றிப்புறம் பாலத்தில் கார் ஏறியது. 1953ல் திறந்த பாலம். பொன்னானிக் கவிஞர் இடசேரி கோவிந்தன் நாயர் இந்தப் பாலத்தைப் பற்றி எழுதிய கவிதை மலையாளிகளுக்கெல்லாம் தெரியும். பாலம் கட்டிய பெருமையையும், ஆறு சாக்கடையாகிவிடுமோ என்ற பயத்தையும் அவர் ஒரே கவிதையில் வைத்தார்.

மாலை ஐந்து மணிக்குப் பொன்னானி. பழைய துறைமுக நகரம். மீன்பிடித் துறைமுகம், பழைய ஜும்மா மசூதி, தேங்காய்க் கிடங்குகள் இருந்த தெருக்கள். எதிர்க்கரையில் படிஞ்ஞாறேக்கரை கடற்கரை. நடுவில் ஆறு அகன்று கடலுக்குள் போகிறது.

இந்த முகத்துவாரத்தில் 2018ல் ஒரு அதிசயம் நடந்தது. மலையில் வீடுகளைப் புதைத்த அதே ஆகஸ்ட் மழை, ஆற்றுப்படுகையின் மணலையும் வாரிக்கொண்டு வந்தது. வெள்ளம் வடிந்த சில நாட்களில், கரையிலிருந்து கடலுக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல்திட்டு எழுந்து நின்றது. இருபுறமும் அலையடிக்க நடுக்கடலில் நடக்கலாம். செய்தி பரவிற்று. ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து நடந்தார்கள். கடல் பிளந்து வழிவிட்டதாகவே சிலர் பேசிக்கொண்டார்கள். அதிகாரிகளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நேற்று வந்த மணல், நாளை இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கடல் ஏறினால் திட்டின் நுனியில் நிற்பவர் திரும்ப முடியாது. நடக்கத் தடை போட்டார்கள்.

அன்று மாலை கடல் அமைதியாக இருந்தது. அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் அலையே உடையவில்லை. தெருவகலத்துக்கு நீர் மழமழவென்று கிடந்தது. குளிக்க நல்ல இடம் அதுதான் என்று யாருக்கும் தோன்றும். ஐவரில் ஒருவருக்கும் தோன்றிற்று. ஆனால் வங்கிக்காரர் முந்திக்கொண்டார். காலையில் மேலே ஏறத் துடித்த அதே வங்கிக்காரர். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் போய், "சேட்டா, இங்க இறங்கலாமா?" என்று கேட்டார்.

"வேற எங்க வேணா இறங்கு. அங்க வேண்டா" என்றார் மீனவர், அந்த மழமழப்பான இடத்தைக் காட்டி.

காரணத்தையும் கையால் வரைந்து காட்டினார். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் எங்காவது ஒரு வழியாகத் திரும்பிப் போகவேண்டும். திரும்பிப் போகும் வாய்க்கால்தான் அது. அதனால்தான் அங்கே அலை உடையவில்லை. இறங்கினால் கால் தரையை விட்டதும் கடலுக்குள் இழுக்கும். மாட்டிக்கொண்டவர் பதறிப்போய்க் கரையை நோக்கி நேராக நீந்துவார். களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வாய்க்காலைத் தாண்டிவிட்டால் அலைகளே கரைக்குத் தள்ளும். நீந்த முடியாதவர் மிதந்துகொண்டு கையை உயர்த்த வேண்டும். ஆற்றுவாயில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடல் வற்றும் நேரத்தில் ஆற்றுநீரும் சேர்ந்து வெளியே பாயும்.

அருவியிலும் கடற்கரையிலும் சொல்லப்பட்டது ஒன்றேதான். அழகாகத் தெரியும் இடம் எது என்பதை வருகிறவர் கண்டுபிடித்துவிடலாம். நிற்கக்கூடிய இடம் எது என்பதை இருக்கிறவரைத்தான் கேட்கவேண்டும். ஒரு நாளில் இரண்டு இடம், மூன்று இடம் என்று திட்டம் போடுகிறவர்களுக்குக் கேட்க நேரமிருப்பதில்லை. படம் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்குக் கேட்கவேண்டும் என்றே தோன்றுவதில்லை. படத்தில் மனிதர் யாரும் இருப்பதில்லையே.

நீர் ஆளைக் கொல்கிறது என்றால் ஆள்கூட்டமும் நீரைக் கொல்கிறது. பிலிப்பைன்ஸின் பொராகே தீவு உலகத்தின் அழகான கடற்கரைகளில் ஒன்றாகப் பட்டியல்களில் வந்துகொண்டிருந்தது. கூட்டம் வந்தது, விடுதிகள் முளைத்தன, கழிவுநீர் கடலுக்குப் போயிற்று. அந்நாட்டின் அப்போதைய அதிபர் துதெர்தே அதைச் சாக்கடைக்குழி என்றே சொன்னார். 2018 ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை ஆறு மாதம் தீவையே இழுத்து மூடிச் சுத்தம் செய்யவேண்டியதாயிற்று. தீவை மூடலாம். வாயிலும் படகும் இருக்கின்றன. கொல்லங்கோட்டை எப்படி மூடுவது? அது ஜனங்கள் குடியிருந்து விவசாயம் செய்யும் ஊர். வரப்பில் கேட் போட முடியாது. அங்கே வருகிறவர் தனக்குத்தானே கேட் போட்டுக்கொண்டால்தான் உண்டு.

இருட்டும்வரை ஐவரும் கரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். முழங்காலளவுக்கு மேல் யாரும் இறங்கவில்லை. காலையில் சருகு மிதந்த நீர் இந்நேரம் எங்கே வந்திருக்கும் என்று ஆசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அணையும் மதகும் தாண்டி வரவேண்டும். இன்றைக்கு வராது என்று முடிவாயிற்று. எப்போதாவது வரும்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தினார்கள். கடைப்பையன் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வெள்ளம் வேணோ?" என்றான்.

"கொடு தம்பி" என்றார் வங்கிக்காரர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தாகமாக இருந்தது, குடித்தார்கள்.